கராஜ் கதவு ஸ்பிரிங் உடைந்துவிட்டதா? பாதுகாப்பாக மாற்றும் முழு வழிமுறை

கராஜ் கதவின் எடையைத் தாங்குவது அதன் ஸ்பிரிங். மோட்டார் கதவை இழுத்து நகர்த்துகிறது, அவ்வளவுதான். மோட்டாரைக் கழற்றிவிட்டு 70 கிலோ கதவை ஒரு கையால் தூக்க முடிகிறதென்றால், மீதிப் பாரத்தை ஸ்பிரிங் சுமக்கிறது என்று அர்த்தம். இது தெரியாததால்தான் பணம் வீணாகிறது. ஸ்பிரிங் உடைந்தால் கதவு எழும்பாது, மோட்டார் உறுமிவிட்டு நின்றுவிடும். பார்க்க வருகிறவர் "மோட்டார் போச்சு, புதுசு போடணும்" என்பார். புது மோட்டார் போட்டாலும் அதுவும் திணறும், ஏனென்றால் பாரம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாற்ற முடியும். ஆனால் இது பல்பு மாற்றுகிற வேலை இல்லை. கீழே உள்ளதை முழுவதும் படித்துவிட்டு, செய்வதா, ஆளைக் கூப்பிடுவதா என்று முடிவெடுங்கள். ஆளைக் கூப்பிட்டாலும் அவர் ஒழுங்காகச் செய்கிறாரா என்று பார்ப்பதற்கு இது உதவும்.

உங்கள் வீட்டில் இருப்பது எந்தக் கதவு

பினாங்கில் பெரும்பாலான தெரஸ் வீடுகளில் திறந்த போர்ச்சும் ஆட்டோ கேட்டும்தான் இருக்கும். பக்கவாட்டில் நகரும் அல்லது விரியும் கேட்டுக்கு இந்த வழிகாட்டியில் வேலை இல்லை. அதன் பாரத்தைத் தரையும் கீலும் தாங்குகின்றன.

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் கடை வீடுகளில், அஞ்சடி நடைபாதையை ஒட்டி இருக்கிற சுருள் ஷட்டர் வேறு வகை. அதன் ஸ்பிரிங் மேலே உள்ள உருளைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அதை மாற்ற ஷட்டரையே இறக்க வேண்டியிருக்கும், நடைபாதையில் ஆட்களும் போய்க்கொண்டிருப்பார்கள். அதில் கை வைக்காதீர்கள். ஷட்டர் வேலையே தொழிலாக உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

நான் இங்கே சொல்வது தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி, பாயான் லெப்பாஸ் பக்கம் பங்களா, செமி-டி வீடுகளில் காணும் பலகைக் கதவைப் பற்றி. நாலைந்து படுக்கைப் பலகைகள் கீலால் இணைந்து, டிராக்கில் ஏறி, கூரையடியில் படுத்துக்கொள்ளும் கதவு. கதவுக்கு மேலே சுவரை ஒட்டி ஒரு இரும்பு ஷாஃப்ட், அதைச் சுற்றி ஒன்றோ இரண்டோ தடித்த ஸ்பிரிங் இருந்தால் அது முறுக்கு ஸ்பிரிங். ஷாஃப்ட் இல்லாமல், இரண்டு பக்கமும் டிராக்குக்கு மேலே நீளமாக இழுபட்டிருந்தால் அது இழு ஸ்பிரிங். முறுக்கு ஸ்பிரிங்தான் அதிக ஆபத்தானது, அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

ஏன் உடைகிறது

சாதாரண ஸ்பிரிங் சுமார் 10,000 சுற்றுக்குக் கணக்கிட்டுச் செய்யப்படுகிறது. ஒரு தடவை திறந்து மூடினால் ஒரு சுற்று. நாளுக்கு 4 தடவை என்றால் ஏறக்குறைய 7 ஆண்டு வரும். பிள்ளைகளைப் பள்ளியில் விட, வேலைக்குப் போக, பசாருக்குப் போக என்று கராஜையே வாசலாகப் பயன்படுத்தும் வீட்டில் 4 ஆண்டிலேயே முடிந்துவிடலாம். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு நாளில் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நம் ஊரில் இதோடு துருவும் சேர்கிறது. கடலோர வீடுகளில் உப்புக் காற்று சுருளின் மேல் சிறு சிறு குழிகளை அரித்துவிடும். ஸ்பிரிங் முறுகும்போது அழுத்தமெல்லாம் அந்தக் குழியில் குவியும், அங்கிருந்து விரிசல் தொடங்கும். அதனால் கடலோரத்தில் நாகம் பூசிய ஸ்பிரிங் வாங்குவது நல்லது என்பது என் கருத்து. காலப்போக்கில் அதன் இறுக்கம் கொஞ்சம் தளரும், கால் சுற்று கூட்ட வேண்டி வரலாம். துருப்பிடித்து நடு ராத்திரி வெடிப்பதைவிட அது மேல்.

உடைந்ததா, தளர்ந்ததா

உடையும்போது வீடே அதிரச் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் சுருளில் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி இருக்கும். அப்போது மோட்டார் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். மோட்டாரின் பல்சக்கரம் தேய்ந்து செலவு இரண்டாகிவிடும்.

உடையாமல் தளர்ந்துபோனதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. கதவை மூடி, மோட்டார் பிளக்கைப் பிடுங்கி, சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரை விடுவியுங்கள். கதவைக் கையால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி மெல்லக் கையைத் தளர்த்துங்கள், ஆனால் பக்கத்திலேயே வைத்திருங்கள். நல்ல ஸ்பிரிங் என்றால் கதவு அங்கேயே நிற்கும். சரிந்து இறங்கினால் ஸ்பிரிங் களைத்துவிட்டது.

இதில் ஒரு எச்சரிக்கை. கதவு மேலே திறந்திருக்கும்போது ஸ்பிரிங் உடைந்திருந்தால் சிவப்புக் கயிற்றைத் தொடவே கூடாது. கயிற்றை இழுத்த நொடியில் முழு எடையும் கீழே விழும். முதலில் டிராக்கில் கீழ் ரோலருக்கு அடியில் இரண்டு பக்கமும் வைஸ் கிரிப் (இறுக்கிப் பூட்டிக்கொள்ளும் இடுக்கி) பூட்டுங்கள். கதவுக்கு அடியில் கனமான மரக்கட்டைகளை நிறுத்துங்கள். பலமான இரண்டு மூன்று பேர் பிடித்துக்கொண்ட பிறகுதான் மோட்டாரை விடுவித்து மெல்ல இறக்கலாம். ஆள் கிடைக்காவிட்டால் அந்த இடத்தை மறித்துவிட்டுத் தொழிலாளியைக் கூப்பிடுங்கள்.

ஆபத்து எங்கே இருக்கிறது

2.1 மீட்டர் உயரமும் 70 கிலோ எடையும் உள்ள கதவு மூடியிருக்கும்போது ஸ்பிரிங்குகளில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சுமார் 800 ஜூல். 70 கிலோ ஆள் ஒருவர் மார்பு உயரத்திலிருந்து விழுகிற வேகம் அதற்குள் அடங்கியிருக்கிறது. ஆனால் 45 செ.மீ. கம்பியால் முறுக்கும்போது கையில் வருகிற பாரம் நாலைந்து கிலோதான் இருக்கும். இதுதான் ஆளை ஏமாற்றுகிறது. 'இவ்வளவுதானா' என்று அலட்சியம் வந்து, கம்பி முழுதாக உள்ளே போகாமல் இருப்பதைக் கவனிக்கத் தவறுகிறோம். கம்பி நழுவினால் கோன் (ஸ்பிரிங்கின் முனையில், கம்பி நுழைக்க ஓட்டைகள் உள்ள இரும்புத் தலை) கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்று அந்தக் கம்பியை முகத்திலோ கையிலோ அடிக்கும். விரல் முறிந்தவர்களும் பல் போனவர்களும் பெரும்பாலும் இப்படி அடிபட்டவர்கள்தான்.

அதனால் ஸ்குரூடிரைவர், ஸ்பேனர் பிடி, கட்டடக் கம்பித் துண்டு இவற்றால் ஸ்பிரிங்கை முறுக்கவே கூடாது. வரி போட்ட 12 மி.மீ. கட்டடக் கம்பி ஓட்டைக்குள் சரியாக உட்காராது. வீட்டுக் கதவுக் கோனின் ஓட்டை பெரும்பாலும் அரை இஞ்ச், அதாவது 12.7 மி.மீ. அந்த அளவில், மழமழப்பான உருட்டு எஃகில், 45 செ.மீ. நீளத்தில் இரண்டு கம்பி வேண்டும். முறுக்குக் கம்பி என்றே விற்பதை வாங்கலாம், இல்லாவிட்டால் கோனை லேத் கடைக்கு எடுத்துப் போய் அதற்குப் பொருந்த வெட்டி வாங்கலாம். உள்ளே விட்டு ஆட்டிப் பார்த்தால் லொடலொடக்கக் கூடாது.

ஏணியில் நின்று இரண்டு கையாலும் வேலை செய்யத் தெரியாதவர்கள், தோள்வலி உள்ளவர்கள், வீட்டில் உதவிக்கு ஆள் இல்லாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம். கனமான மரக் கதவு, இரண்டு கார் அகலத்துக்கு மேற்பட்ட கதவு இவற்றுக்கும் தொழிலாளியே சரி. கூப்பிடும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: கதவை எடை போடுவீர்களா, இரண்டு ஸ்பிரிங்கையும் மாற்றுவீர்களா, போடுகிற ஸ்பிரிங் எத்தனை சுற்று தாங்கும்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

அளவெடுப்பது

தவறான ஸ்பிரிங் போட்டால் மற்ற எல்லாம் வீண். நான்கு விவரம் வேண்டும்.

கம்பித் தடிமனை ஒரே சுருளில் அளந்தால் பிழை வரும். ஒட்டியிருக்கும் 10 சுருளை அளந்து பத்தால் வகுங்கள். 10 சுருள் 52.6 மி.மீ. வந்தால் கம்பி 5.26 மி.மீ., 57 வந்தால் 5.7, 63.5 வந்தால் 6.35. அரை மில்லிமீட்டர் வித்தியாசமே தூக்கும் பலத்தை வெகுவாக மாற்றிவிடும், அதனால் 20 சுருளையும் அளந்து சரிபாருங்கள். அடுத்தது உள்விட்டம். பல வீட்டுக் கதவுகளில் அது 2 இஞ்ச், கோனிலேயே பொறித்திருப்பதும் உண்டு. மூன்றாவது, முறுக்கு இல்லாத நிலையில் ஸ்பிரிங்கின் மொத்த நீளம். உடைந்த ஸ்பிரிங் என்றால் இரண்டு துண்டையும் சேர்த்து அளக்க வேண்டும். நான்காவது திசை. ஷாஃப்ட்டை நடுவில் சுவரோடு பிடித்திருக்கும் நடு பிராக்கெட்டின் இடப்பக்க ஸ்பிரிங்கும் வலப்பக்க ஸ்பிரிங்கும் எதிரெதிராகச் சுற்றியவை. கழற்றும் முன்பே டேப் ஒட்டி 'இடது', 'வலது' என்று எழுதிவிடுங்கள். கடைக்குப் போகும்போது பழைய ஸ்பிரிங்கையே கையோடு கொண்டுபோனால் தவுக்கேயோடு விவாதம் மிச்சம்.

ஸ்பிரிங்கைக் கழற்றிய பிறகு குளியலறைத் தராசைக் கதவின் நடுவில் அடியில் வைத்தால் கதவின் எடையும் தெரிந்துவிடும். இதற்குக் கதவைச் சற்றுத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

ஒன்று உடைந்திருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே வயது, ஒரே அளவு ஓடியவை. மற்றது எந்நேரமும் உடையலாம்.

பழைய ஸ்பிரிங்கைக் கழற்றுவது

கண்ணாடி, கையுறை, மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள். செருப்போடு ஏணி ஏறாதீர்கள். மோட்டார் பிளக்கைப் பிடுங்குங்கள். கராஜுக்குள் பிள்ளைகளோ பூனை நாயோ இருக்கக் கூடாது. உதவிக்கு நிற்பவர் ஸ்பிரிங்குக்கு நேராக நிற்காமல் தள்ளி நிற்கட்டும்.

கதவை முழுதாக மூடி, இரண்டு டிராக்கிலும் ஏதாவது ஒரு ரோலருக்குச் சற்று மேலே வைஸ் கிரிப் பூட்டுங்கள். இப்போது கதவு தானாக மேலே எழ முடியாது. இதைத் தவறவிட்டால் புது ஸ்பிரிங்கை முறுக்கி முடிக்கும்போது கதவு திடீரென்று தூக்கிக்கொண்டு உங்கள் ஏணியையும் தள்ளிவிடும்.

ஒரு ஸ்பிரிங்தான் உடைந்திருக்கிறது என்றால் மற்றதில் முழு முறுக்கும் இன்னும் இருக்கிறது. அதை இப்படி அவிழ்க்க வேண்டும். ஏணியை ஸ்பிரிங்குக்கு நேர் எதிரே போடாமல் பக்கவாட்டில் போடுங்கள். முகம் கோனின் வட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். கோனில் நான்கு ஓட்டை இருக்கும். முதல் கம்பியைக் கீழ்ப்பக்க ஓட்டையில் அடிவரை நுழைத்து, உங்கள் பக்கமாகச் சற்று இழுத்துப் பிடியுங்கள். பாரம் கைக்கு வந்துவிடும் என்று எதிர்பார்த்துக்கொண்டே, கோனை ஷாஃப்ட்டோடு இறுக்கிப் பிடித்திருக்கும் செட் ஸ்குரூக்களைத் தளர்த்துங்கள். இப்போது பாரம் முழுதும் கம்பியில். கம்பியைக் கதவின் மேல் மெல்லச் சாயவிடுங்கள். உங்களைப் பார்த்து நிற்கும் அடுத்த ஓட்டையில் இரண்டாவது கம்பியை அடிவரை நுழைத்து, அதில் பாரத்தை வாங்கிக்கொண்டு, முதல் கம்பியை எடுங்கள். இரண்டாவதைக் கால் வட்டம் கீழே இறக்குங்கள். மறுபடி முதல் கம்பி. எப்போதும் ஒரு கம்பியாவது பாரத்தோடு உள்ளே இருக்க வேண்டும். அவசரம் வேண்டாம், பேச்சு வேண்டாம், கைப்பேசி பக்கத்தில் வேண்டாம்.

எத்தனை கால் சுற்று அவிழ்த்தீர்கள் என்று உதவியாளர் எண்ணிச் சுவரில் எழுதட்டும். அது பிறகு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

முறுக்கு முழுதும் போன பிறகு நடு பிராக்கெட்டில் ஸ்பிரிங்குகளை இணைக்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றுங்கள். பிறகு ஷாஃப்ட்டின் இரு முனையிலும் உள்ள டிரம்களின் (கதவைத் தூக்கும் கேபிள் சுற்றிக்கொள்ளும் உருளைகள்) ஸ்குரூவைத் தளர்த்தி, கேபிளை விடுவித்து, டிரம்மை நகர்த்தி, ஷாஃப்ட்டை ஒரு பக்கமாகத் தள்ளி, ஸ்பிரிங்கை உருவி எடுங்கள்.

இதுதான் கேபிளைப் பார்க்கச் சரியான நேரம். நம் மழைக்கு, வெள்ளம் புகும் தாழ்வான கராஜ்களில் குறிப்பாக, கதவின் அடியில் பிராக்கெட்டோடு சேரும் இடத்தில்தான் கேபிள் துருப்பிடிக்கும். ஒரு இழை அறுந்திருந்தாலும் இரண்டு கேபிளையும் மாற்றுங்கள். ஆனால் கேபிள் இறுக்கமாக இருக்கும்போது அந்த அடி பிராக்கெட்டின் போல்ட்டைத் தொடாதீர்கள், ஸ்பிரிங்கின் முழு இழுவையும் அதில்தான் நிற்கிறது. ஷாஃப்ட்டின் பேரிங்கைக் கையால் சுழற்றிப் பார்த்து, கரகரத்தால் அதையும் மாற்றிவிடலாம்.

புது ஸ்பிரிங்கைப் போடுவது

இடது இடத்தில் இடது, வலது இடத்தில் வலது. ஓட்டை உள்ள கோன் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், நிலையான கோன் நடு பிராக்கெட்டோடு சேர வேண்டும். இரண்டையும் போல்ட் போட்டு இறுக்குங்கள். டிரம்களை முனைப் பேரிங்கை ஒட்டித் தள்ளி, கேபிளை டிரம்மின் பள்ளத்தில் ஒழுங்காகச் சுற்றி, ஸ்குரூவை இறுக்குங்கள். இரண்டு கேபிளும் ஒரே அளவு இறுகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கதவு கோணலாக ஏறும். கேபிள் தளராமலிருக்க ஷாஃப்ட்டில் ஒரு வைஸ் கிரிப் பூட்டி அதன் பிடியைச் சுவரில் முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள்.

ஸ்பிரிங்கின் நீளம் முழுக்க ஒரு நேர் சாக்கட்டிக் கோடு போடுங்கள். முறுக்க முறுக்க அந்தக் கோடு சுற்றிச் சுற்றி வரும், எண்ணிக்கை தவறாது.

சரி, இனி முறுக்குவது. கம்பியைக் கீழ்ப்பக்கத்திலிருந்து உங்கள் பக்கமாக மேலே தூக்குங்கள், கால் வட்டம். அடுத்த ஓட்டையில் இரண்டாவது கம்பி, பாரம் மாற்று, முதலாவதை எடு. அவிழ்த்ததன் தலைகீழ்தான். நான்கைந்து கால் சுற்று போனதும் நிறுத்தி ஸ்பிரிங்கைப் பாருங்கள். சரியான திசையில் முறுக்கினால் அது மெலிந்து நீளும். நீளாமல் விட்டம் பெருத்தால் ஸ்பிரிங் இடம் மாறியிருக்கிறது, உடனே அவிழ்த்துவிடுங்கள்.

எத்தனை சுற்று? சாதாரண 4 இஞ்ச் டிரம் உள்ள, 7 அடி உயரக் கதவுக்கு ஏழே கால் முதல் ஏழரைச் சுற்று, அதாவது 29 அல்லது 30 கால் சுற்று. 8 அடிக் கதவுக்கு எட்டு முதல் எட்டரை. ஸ்பிரிங்கோடு தாள் வந்திருந்தால் அதில் உள்ளதே முடிவு.

கடைசிச் சுற்று முடிந்ததும் கம்பியைக் கதவின் மேல் சாயவைத்து, கோனை வெளிப்பக்கமாக ஒரு 6 மி.மீ. தள்ளி, சுருள்கள் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் செட் ஸ்குரூவை இறுக்குங்கள். ஷாஃப்ட்டைத் தொட்ட பிறகு அரை முதல் முக்கால் சுற்று போதும். ஷாஃப்ட் உள்ளே வெற்றுக் குழாய் என்பதால் அதற்கு மேல் இறுக்கினால் நசுங்கும். கம்பியை எடுக்கும் முன் அதை மெல்லத் தளர்த்தி, கோன் ஷாஃப்ட்டில் நழுவாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அடுத்த ஸ்பிரிங்குக்கும் அதே எண்ணிக்கை.

சமநிலை பார்ப்பது

முதலில் ஷாஃப்ட்டில் உள்ள வைஸ் கிரிப்பை எடுங்கள். அது இப்போது தளர்ந்துதான் இருக்கும். இரு டிரம்மிலும் கேபிள் பள்ளத்தில் இருப்பதை உறுதிசெய்தபின், ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்ள, டிராக்கில் உள்ளவற்றை எடுங்கள். மோட்டாரை இணைக்காமல் கதவைக் கையால் தூக்கிப் பாருங்கள். இடுப்பு உயரத்தில் நின்றால் வேலை முடிந்தது. தானாக ஏறினால் இரண்டு ஸ்பிரிங்கிலும் கால் சுற்று குறையுங்கள், இறங்கினால் கால் சுற்று கூட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் கதவை மூடி வைஸ் கிரிப் பூட்டிய பிறகுதான் கம்பியைக் கையில் எடுக்க வேண்டும். 'ஒரு கால் சுற்றுதானே' என்று பூட்டாமல் ஏறுவது வேண்டாம். ஒரு முழுச் சுற்றுக்கு மேல் மாற்ற வேண்டியிருந்தால் ஸ்பிரிங்கின் அளவே தவறு. முறுக்கைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்காமல் கடைக்குத் திரும்பக் கொண்டுபோங்கள்.

கடைசியாக மோட்டாரை இணைத்து, கதவின் பாதையில் தரையில் சுமார் 4 செ.மீ. தடிமனுள்ள மரத்துண்டைப் படுக்க வைத்துக் கதவை மூடுங்கள். கட்டையில் பட்டதும் கதவு திரும்பி மேலே போக வேண்டும். போகாவிட்டால் மோட்டாரின் விசை அளவைச் சரிசெய்யும் வரை ரிமோட்டைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

இழு ஸ்பிரிங் உள்ளவர்களுக்கு

இங்கே ஒழுங்கு தலைகீழ். கதவு மேலே இருக்கும்போதுதான் இந்த ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். கதவை முழுதாகத் திறந்து, கீழ் ரோலருக்கு அடியில் இரு பக்கமும் வைஸ் கிரிப் பூட்டி, கீழே கட்டையும் நிறுத்திவிட்டு மோட்டார் பிளக்கைப் பிடுங்குங்கள். கப்பியையும் கேபிளையும் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முனையில் பூசியுள்ள நிறம் அந்த ஸ்பிரிங் தூக்கும் எடையைக் குறிக்கும், அதே நிறத்தில் ஜோடியாக வாங்குங்கள். ஸ்பிரிங்குக்கு நடுவே ஓடும் காப்புக் கேபிள் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் ஸ்பிரிங் அறுந்தால் துண்டு காரையோ ஆளையோ நோக்கிப் பறக்கும். பழைய வீட்டில் அது இல்லையென்றால், ஸ்பிரிங் நன்றாக இருந்தாலும் இந்த வாரமே அதைப் போட்டுவிடுங்கள்.

எண்ணெய்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்பிரிங் சுருள்களின் மேல் இலேசான எண்ணெயோ சிலிக்கன் ஸ்ப்ரேயோ அடித்து, துணியால் துடையுங்கள். கடலோரத்தில் மாதம் ஒருமுறை. பேரிங், கீல், ரோலரின் தண்டு இவற்றுக்கும் ஒரு சொட்டு. டிராக்கின் உள்பக்கம் மட்டும் எண்ணெய் போடாதீர்கள், தூசி ஒட்டி ரோலர் சிக்கும். அங்கே ஈரத் துணியால் துடைத்தால் போதும்.